யூபிஎஸ் மேல் யார் பெயர்?

நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் தயாரிக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் எங்கள் காடாம்புலியூரிலும் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இல்லாமல் முடியாது. சாஃப்ட்வேர் எழுதும் எனக்கு, ஃபைலைச் சேமித்து முறையாக ஷட்டவுன் செய்ய அது தரும் சில நிமிடங்களே பெரிது.

கடைக்காரர்கள் சிலர் வேறொரு தொழிற்சாலையில் செய்த யூபிஎஸ்ஸைத் தங்கள் பெயரில் விற்கிறார்கள். இதில் தவறில்லை. ஆனால் செய்தவர் யார் என்று தெரியாமல் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. இப்படிப்பட்ட சிறிய யூபிஎஸ்களுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு பிராண்டுக்கும் தனிப் பதிவு. 'ஆர்' எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் கொடுத்தால் தயாரிப்பாளர் யார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. 600 விஏ யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிவரும். அதே அளவு பேட்டரி பண்ருட்டியில் கிடைக்குமா? போர்டு போனால் யார் சரிசெய்வார்கள்?

சொந்தப் பெயரில் விற்க நினைக்கும் கடைக்கார நண்பர்களே, விலை பேசும் முன் தயாரிப்பாளரிடம் இவற்றைக் கேளுங்கள். ஸ்டிக்கர் உங்களுடையது என்றால், பழுதான யூபிஎஸ்ஸோடு வாடிக்கையாளர் வந்து நிற்பதும் உங்கள் கடையில்தான்.