பார்வையற்ற பிள்ளைக்குப் புத்தகம் எங்கே?

நம் தோழர் ஒருவரின் பிள்ளை பார்வையற்றவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கிறது. விரலால் தடவிப் படிக்கப் புத்தகம் இல்லை என்றால், அவள் அங்கே உட்கார்ந்து என்ன பயன்?

எழுத்துக்குப் பஞ்சமில்லை. 1951-லேயே யுனெஸ்கோவின் உதவியோடு இந்திய மொழிகளுக்குப் பொதுவான பிரெயில் வகுக்கப்பட்டது. தமிழ்க் 'க'வுக்கும் இந்திக் 'க'வுக்கும் ஒரே புள்ளிகள்தான். பூட்டு வேறு இடத்தில் தொங்கியது. பல நாடுகளில், ஒரு புத்தகத்தைப் பிரெயிலாக்க அதன் உரிமையாளர் தயவு வேண்டும். ஆக்கியதை அடுத்த நாட்டுக்கு அனுப்பவும் சட்டம் குறுக்கே நின்றது. ஒரே புத்தகத்துக்கு நாட்டுக்கு நாடு தனித்தனி உழைப்பு! இந்த வீண் வேலையை யார் நியாயப்படுத்த முடியும்?

2013-ல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கூடிய நாடுகள் இந்தப் பூட்டைத் திறக்க ஒப்பந்தம் செய்தன. 2014-ல் அதை முதன்முதலாக உறுதி செய்தது இந்தியா. மாலியும் மங்கோலியாவும் உருகுவேயும் பின்தொடர்ந்தன. இருபது நாடுகள் சேர்ந்து, 2016-ல் அமலுக்கு வந்தது. பெரிய பதிப்பக முதலாளிகளின் தாயகமான அமெரிக்கா அந்த இருபதில் இல்லை. 2019-ல்தான் வந்து சேர்ந்தது.

முதலில் உறுதி செய்த பெருமை சரி. ஆனால் ஒப்பந்தக் காகிதம் தானாகப் பிரெயில் புத்தகமாகாது. அச்சகம் வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். பாடம் மாறினால் பிரெயிலும் கூடவே மாறவேண்டும். பள்ளி திறக்கும் நாளில் மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைக்கிறதே, அன்றைக்கே அவள் கைக்கும் சர்க்கார் கொடுக்கட்டும். அரைப் பரீட்சைக்குப் பிறகு வேண்டாம்.