ஒரே ஒரு ஞாயிறு: எங்கே போகலாம்?

பள்ளி விடுமுறை வந்தால் நம் வீடுகளில் பஞ்சாயத்துத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும், பாட்டிக்குக் கோயில் வேண்டும், வீட்டுக்காரருக்குத் தூக்கம் வேண்டும்! வேன் பிடித்துக் குடும்பத்தோடு போய் வருவது நமக்குச் சின்னச் செலவா, சகோதரிகளே? அசாம் ஜாவாவில் இருந்துகொண்டு தூரத்து ஊரைத் தேட வேண்டாம். பக்கத்திலேயே கோலசிலாங்கூர் இருக்கிறது. ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும்.

ஸ்கை மிரர் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்களே, அது சாசாரான் கரைக்கு அப்பால் கடலில் உள்ள மணல் திட்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில், கடல் நன்றாக வற்றும் நேரத்தில்தான் தலை காட்டும். மணல் மேல் மெல்லியதாய்த் தண்ணீர் நிற்க, வானமும் நாமும் தலைகீழாகத் தெரிவோம்.

இரவில் கம்போங் குவாந்தான் மின்மினிகள். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் அவை சேர்ந்தாற்போல் மினுக்கும். நிலா வெளிச்சத்தில் அது எடுபடாது. மழை பெய்தாலும் ஏமாற்றம்தான்.

அப்படியானால் கணக்கு எளிது. பௌர்ணமியில் போனால் மணல் திட்டு மட்டும், அமாவாசையில் போனால் இரண்டும்! தினசரி நாட்காட்டி சுவரில் தொங்குகிறதல்லவா? அமாவாசையை ஒட்டி வரும் ஞாயிற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படகு புறப்படும் நேரம் வற்றத்தைப் பொறுத்து மாறும். பணம் கட்டுமுன் நேரத்தையும் கட்டணத்தையும் கேட்டுவிடுங்கள். மிதவைச் சட்டை இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

முட்டிவலிக்காரப் பாட்டியை மணல் திட்டுக்கு இழுக்க வேண்டாம். அவருக்கு ஏற்றது புக்கிட் மெலாவாத்தி. 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றைப் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டுவிட்டார். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அங்கே நிற்கிறது. வெள்ளிமுடிக் குரங்குகள் சாது, குட்டிகள் ஆரஞ்சு நிறம். நீண்ட வால் குரங்குகளோ பொட்டலத்தோடு ஓடும். இடியாப்பத்தைப் பறிகொடுத்தவள் சொல்கிறேன்.

செகிஞ்சான் வயலை அதே நாளில் திணிக்காதீர்கள். அதற்கு இன்னொரு நாள். அறுவடைக்குப் பின் போனால் வெறும் மண்தான்.

என் தாயார் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். இந்த ஆறு பக்கத்திலேயே இருந்தும் மின்மினி பார்க்கப் போனதில்லை. "பூச்சி பார்க்கக் காசா?" என்பார். ஒரு அமாவாசை இரவில் வற்புறுத்திச் சம்பானில் ஏற்றினேன். துடுப்புச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. வெகு நேரம் பேசாமல் இருந்தவர் மெல்லச் சொன்னார்: "விடியுமுன்னே பெரட்டு முடிஞ்சு நெரைக்குப் போவோமே, தூரத்திலேருந்து பார்த்தா எங்க நெத்தி விளக்கெல்லாம் இப்படித்தான்டி மினுக்கும்."