அவையச்சம் அகலுமா?



வீட்டில் கணீரென்று பேசும் பிள்ளை, பள்ளி விழா மேடையில் ஏறியதும் வாயடைத்து நிற்கிறது. பட்டப்படிப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்த மகள், நேர்முகத் தேர்வு என்றதும் வேலையே வேண்டாம் என்கிறாள். மருத்துவரிடம் கேட்க நான்கு கேள்விகளை மனத்தில் அடுக்கிச் சென்ற உம்மா, ஒன்றையும் கேளாமல் மருந்துச் சீட்டோடு திரும்புகிறார். அறிவு இருக்கிறது, ஆற்றலும் இருக்கிறது, நா மட்டும் எழவில்லை.

இறையச்சம் மனிதனை உயர்த்துவது. நாம் இங்கே பேசுவது அதைப் பற்றியன்று. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற நடுக்கத்தைப் பற்றி. இது பிறவிக் குணம், மாறாது என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். அந்த முடிவு சரிதானா? உலகறிந்த ஒருவரின் வாழ்விலிருந்தே விடை தேடுவோம்.

காந்தியடிகள் சிறு வயதில் இருளுக்கும் பேய்க்கும் பாம்புக்கும் அஞ்சியவர், விளக்கில்லாமல் உறங்கமாட்டார். இதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியுள்ளார். லண்டனில் சட்டம் பயின்ற நாட்களில், அங்குள்ள சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றிருந்தார். கூட்டங்களில் மௌனமாகவே அமர்ந்திருப்பார். ஒருமுறை தம் கருத்தை எழுதிக்கொண்டு போனார். அதையும் எழுந்து படிக்கத் துணிவின்றி, வேறொருவர் படிக்கும்படி ஆயிற்று. 1891ஆம் ஆண்டு தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு விருந்தளித்தார். நகைச்சுவையாகப் பேசிச் சிரிக்க வைக்க வேண்டுமென்று ஆயத்தமாகச் சென்றவருக்கு, முதல் வாக்கியத்தைத் தாண்டியதும் எல்லாம் மறந்துபோயிற்று. நன்றி கூறி அமர்ந்துவிட்டார்.

பம்பாயில் கிடைத்த முதல் வழக்கும் அப்படியே முடிந்தது. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. வாங்கிய 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளச் செய்துவிட்டு நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார்.

1893ஆம் ஆண்டு, தாதா அப்துல்லா என்னும் வணிகரின் நிறுவன வழக்குக்காக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். வழியில் இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டதும், குதிரை வண்டியில் அடிபட்டதும் நாம் அறிந்தவையே. பின்னர் பிரிட்டோரியா நகரில் வாழ்ந்த இந்தியர்களை ஒன்றுகூட்டினார். ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூசப் என்னும் பெருவணிகரின் இல்லத்தில் கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் வணிகர்கள். வணிகத்தில் வாய்மையைப் பேணுவது பற்றி அவர்களிடையே காந்தியடிகள் உரையாற்றினார். தம் வாழ்வின் முதல் பொதுச் சொற்பொழிவு என்று அதையே அவர் குறிப்பிடுகிறார்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தாமே கற்பிப்பதாகக் கூறினார். மூவர் முன்வந்தனர். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர், எழுத்தர் ஒருவர், இருவரும் முஸ்லிம்கள். மூன்றாமவர் சிறு கடை வைத்திருந்த இந்து. அவர்களின் இருப்பிடத்துக்கே சென்று ஏறத்தாழ எட்டு மாதம் கற்பித்தார்.

அந்த நா எப்படி எழுந்தது? லண்டன் விருந்தில் அவர் மனம், தாம் எப்படிப் பேசப் போகிறோம் என்பதிலேயே இருந்தது. பிரிட்டோரியாவில் எதிரே அமர்ந்திருந்தோரின் நிலை அவர் மனத்தை நிறைத்திருந்தது. சொல்லியாக வேண்டிய ஒன்று இருந்தது. அதற்கான ஆயத்தமும் இருந்தது. இடமோ ஒரு வீடு. கேட்போரோ தம் நாட்டவர். தன்னைப் பற்றிய எண்ணம் குறைந்த அளவுக்கு அச்சமும் குறைந்தது. கூச்சம் அடியோடு நீங்கிவிடவில்லை என்பதையும், அதுவே சொற்களைச் சிக்கனமாகக் கையாளத் தமக்குக் கற்றுத்தந்தது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். ஆகவே, அச்சம் முழுவதும் அகன்ற பின்னரே பேசுவேன் என்று காத்திருப்பவர், காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அஞ்சிய இடத்தை விட்டு விலகினால் உடனே ஒரு நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதியே அச்சத்துக்கு உரமாகிறது. அடுத்த முறை விலகுவது இன்னும் எளிதாகிறது. ஜோஹனஸ்பர்க் நகரில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப், 1958ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கொரு முறையை விளக்கினார். அஞ்சுகின்றவற்றைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி, உடலையும் மனத்தையும் தளர்த்திக்கொண்டு படிப்படியாக எதிர்கொள்ளும் முறை அது.

நம் இல்லங்களிலும் இப்படிகளை அமைக்கலாம். இரவு உணவுக்குப் பின் பிள்ளையை ஒரு செய்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து, படித்ததைத் தன் சொற்களில் கூறட்டும். பிறகு மாமா, மாமி வந்திருக்கும்போது பேசட்டும். அதன்பின் வகுப்பறை, அதன்பின் மேடை. மகளிடம் நேர்முகத் தேர்வுக்கான கேள்விகளை வாப்பாவே கேட்டுப் பழக்கலாம். உம்மா தம் கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். மருத்துவரிடம் பார்த்துப் படிப்பதில் குறைவொன்றுமில்லை.

பெற்றோர் தவிர்க்க வேண்டியவை இரண்டு. சோறூட்டவும் உறங்க வைக்கவும் பேய், பூச்சாண்டி என்று அச்சத்தை ஊட்டாதீர்கள். பிள்ளை தடுமாறும்போது, பிறர் முன்னிலையில் சிரிக்காதீர்கள். ஒரு நாள் சிரிப்பு, பல ஆண்டு மௌனத்துக்கு விதையாகிவிடலாம். பள்ளிக்குச் செல்லவே மறுக்கும் அளவுக்கு அச்சம் முற்றியிருந்தால், தயங்காமல் மனநல மருத்துவரை நாடுங்கள்.

நன்கு பேசுபவரெல்லாம் அஞ்சாமல் பிறந்தவர் அல்லர். அஞ்சிக்கொண்டே முதல் வாக்கியத்தைச் சொன்னவர்களே அவர்களுள் பலர். அந்த முதல் வாக்கியத்தைத் தடுமாறியேனும் சொல்லிப் பழகும் இடமாக நம் வீடு அமையட்டும்!