ஸஃபரும் சஹனும்

காயல்பட்டினத்துத் தெருக்களில் அஸர் தொழுகைக்குப் பின் நடந்து பார்த்தோர் அவ்வூரின் இன்பம் எத்தகையது என்பதை அறிவர். வீடுகளின் ஊடே பெண்மக்கள் புழங்குவதற்கென்றே விடப்பட்ட முடுக்குகள் உள்ளன. அவற்றின் வழியே ஒரு வீட்டுக் கறிக்கிண்ணம் மறுவீட்டுக்குப் போகும். திரும்புகையில் வெறுங்கிண்ணமாக வருவது அரிது. மணமான பெண் தாய்வீட்டைப் பிரிவதில்லை. மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வருகிறார். ஆகவே உம்மம்மா, லாத்தா, சாச்சி என்று பலர் மடியில் மாறிமாறிக் குழந்தை வளர்கிறது. மாலையில் கடற்கரை மணலில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து காற்று வாங்குகின்றனர். களரி விருந்திலோ ஒரே சஹனில் பலர் கைவைத்து உண்கின்றனர். நல்ல கறித்துண்டு ஒன்று கிடந்தால், அவரவரும் அதனை அடுத்தவர் பக்கம் நகர்த்துவதே அங்குள்ள மரியாதை. (கறி என்றால் ஆட்டுக்கறி என்று நம்மவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ!)

இவ்வின்பங்களுக்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஆயினும் பொருள் ஈட்டித் தருபவரே இவற்றைக் காணாதிருக்கிறார் என்பதுதான் நம் கவலை. முன்னோர் கொழும்புக்குக் கப்பலேறினர். பின்வந்தோர் ஹாங்காங் சென்றனர். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் வளைகுடா நாடுகள் அழைத்தன. ஸஃபர் போனவரைச் ‘சபுராளி’ என்று அழைக்கிறோம். அச்சொல்லில் பெருமை தொனிக்கிறது.

நாமறிந்த சபுராளி ஒருவர் அண்மையில் விடுப்பில் வந்திருந்தார். ஒரு வலீமாவில் பதினாறு வயது மகனும் அவரும் ஒரே சஹனில் அமர்ந்தனர். மகன் கறித்துண்டுகளையெல்லாம் வாப்பாவின் பக்கமே ஒதுக்கினான். தான் விளிம்புச் சோற்றை மட்டும் உண்டான். பார்த்தவர்கள் பிள்ளையின் அடக்கத்தைப் புகழ்ந்தனர். வாப்பாவின் முகமோ வாடிற்று. “விருந்தாளிக்கு ஒதுக்குவதுபோல் ஒதுக்குகிறான்” என்று பின்னர் எம்மிடம் கூறினார்.

பயணம் வேதனையின் ஒரு பகுதி. அது உணவையும் உறக்கத்தையும் தடுக்கும். ஆகவே வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புக என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பதை புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் காண்கிறோம். வணிகப் பயணத்தின் அருமையை நன்கறிந்த பெருமானார் அவர்கள் பயணத்தைத் தடுக்கவில்லை. திரும்பும் நேரத்தையே குறித்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களும், கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தி இரவில் புலம்பக் கேட்டு, தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, படைவீரர் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள் என்பது வரலாறு. அவ்வரம்பு நான்கு திங்கள் என்றும் ஆறு திங்கள் என்றும் அறிவிப்புகள் உண்டு. நாமோ ஆண்டுகளைக் கணக்கிடுகிறோம்!

‘வேலை முடிந்ததும்’ என்றார்களே, அவ்வேலை நமக்கு எப்போது முடிகிறது? இங்கேதான் நாம் மனந்திறந்து பேச வேண்டும். மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது அவ்வூர் வழக்கம். பெண் தன் தாயின் நிழலிலேயே வாழ்வதை நாம் குறைகூற மாட்டோம். அதில் அவளுக்குப் பெரும் பாதுகாப்பு உண்டு. ஆனால் உள்ள வீட்டையே சகோதரிகள் பகிர்ந்து வாழ்வது இழுக்கென்று எண்ணி, ஒவ்வொருத்திக்கும் புதுவீடு, அதன்மேல் மாடி, பளிங்குத் தரை என்று ஏன் நீட்டுகிறோம்? மஹர் கொடுக்கும் கடமை மாப்பிள்ளைக்கு உண்டு; வீடு கட்டும் கடமையை மாமனார் தலையில் மார்க்கம் சுமத்தவில்லை. மகள் குடியிருக்க அறை ஒன்று போதுமென்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு சொல் சொன்னால், ஒரு தகப்பன் ஐந்தாண்டு முன்னதாக ஊர் திரும்பலாம். அதைச் சொல்ல நம்மில் எத்தனைபேர் முன்வருவோம்?

மேற்சொன்ன நண்பர் அடுத்த மாதம் மீண்டும் புறப்படுகிறாராம். இரண்டாம் மகளின் வீட்டுக்குத் தளம் போட வேண்டியிருக்கிறதாம்.