மலையகத் தமிழரை எந்தக் கட்டத்துக்குள் தொலைத்தோம்?

2012 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்று பதியப்பட்டவர்கள் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர். நாட்டுச் சனத்தொகையில் 4.1 சதவீதம். 2024 கணக்கெடுப்பில் அந்தத் தொகை சுமார் 6 இலட்சம். 2.8 சதவீதம். பன்னிரண்டு வருசத்தில் இரண்டே கால் இலட்சத்துக்கும் அதிகமான ஆட்கள் ஒரு கட்டத்திலிருந்து காணாமல் போயிருக்கிறார்கள்.

போர் நடக்கவில்லை. கப்பல் ஏற்றி அனுப்பவில்லை. அப்ப எங்கே போனார்கள்?

பெரும்பாலானோர் எங்கேயும் போகவில்லை. அதே ஹட்டன், அதே தலவாக்கலை, அதே பதுளை, அதே லயம். கொஞ்சப் பேர் கொழும்புக் கடைகளில். கொஞ்சப் பேர் வெளிநாட்டில். இதே காலத்தில் 'இலங்கைத் தமிழர்' தொகை நாலு இலட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது. வடக்கு கிழக்கிலிருந்து இத்தனை பேர் வெளிநாடு போய்க்கொண்டிருக்கிற நேரத்தில், பிறப்பு வீதத்தை மட்டும் வைத்து இந்தக் கூடுதலை விளங்கப்படுத்த ஏலாது. ஒரு கட்டத்தில் குறைந்த ஆட்களில் பெரும்பகுதி பக்கத்துக் கட்டத்தில் ஏறியிருக்கிறார்கள் என்பதுதான் எங்கட வாசிப்பு.

இதைக் கேட்டதும் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு விதமாகக் கதைக்கிறார்கள். ஒரு பக்கம், "எல்லாரும் தமிழர்தானே, நல்லதுதானே" என்கிறது. மற்றப் பக்கம், "சொந்த அடையாளத்தையே மறைக்கிறாங்க, வெட்கம்" என்கிறது. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கட்டத்தின் கதையைப் பார்ப்போம். 1881 குடிசன மதிப்பீட்டில் தமிழருக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. 1911 இல்தான் பிரித்தானிய நிர்வாகம் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டாகப் பிரித்து எண்ணியது. அதே நிர்வாகம் சிங்களவரையும் 'கண்டிச் சிங்களவர்', 'கரையோரச் சிங்களவர்' என்று இரண்டாக எண்ணியது. அந்தப் பிரிவு 1971 வரை இருந்தது. 1981 இல் இரண்டையும் சேர்த்து 'சிங்களவர்' என்று ஒன்றாக்கிவிட்டார்கள். 2001 இல் செட்டி, பரதர் என்று புதிய கட்டங்கள் வந்தன. ஆக, கட்டங்கள் கல்லில் வெட்டினவை இல்லை. தேவைப்பட்டபோது அரசு பிரித்தது, தேவைப்பட்டபோது சேர்த்தது. ஆனால் 'இந்தியத் தமிழர்' என்ற பெயர் மட்டும் நூறு வருசத்துக்கு மேல் அசையாமல் நின்றது.

அது வெறும் பெயராகவும் நிற்கவில்லை. 1946 கணக்கில் இந்தக் கட்டத்தில் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இலங்கைத் தமிழரை விடக் கூட. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருசமே, 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள், அதைத் தொடர்ந்து வாக்கும் பறிபோனது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். 1974 இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த லயத்துக்கும் போய் "நீங்க எங்க இருக்க விரும்புறீங்க" என்று கேட்டுவிட்டு இந்தத் தொகைகளை எழுதவில்லை. நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டி இருந்தது.

இப்ப சொல்லுங்கள். 'இந்திய' என்ற சொல்லை வைத்து ஒரு சனத்தின் வாக்கைப் பறித்து, கப்பலேற்றி, 'கள்ளத்தோணி' என்று திட்டி, கலவரத்தில் அடித்து விரட்டின நாட்டில், கணக்கெடுக்க வந்தவர் இனம் என்ன என்று கேட்டதும் 'இலங்கைத் தமிழர்' என்று ஒருவர் சொன்னால் அதில் என்ன வெட்கம்? அது இந்த நாட்டில் தானும் ஒரு ஆள் என்று சொல்லுகிற வார்த்தை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் 'இந்திய' என்று எழுதினால் நாளைக்கு என்ன வருமோ என்று யோசிக்கிற தாயைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. குற்றம் பெயரை வைத்தவர்களுடையது.

"அப்ப எல்லாரும் இலங்கைத் தமிழர் என்றே எழுதிவிட்டால் முடிஞ்சுதே" என்று கேட்கிறீர்களா? அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

நுவரெலியா மாவட்டத்தை எடுங்கள். 2012 கணக்கில் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர். அதில் 53 சதவீதம் 'இந்தியத் தமிழர்'. சிங்களவர் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இலங்கைத் தமிழர் நாலரை சதவீதம் அளவில். முஸ்லிம்கள் இரண்டரை சதவீதம் அளவில். மலையகத் தமிழர் பெரும்பான்மையாக இருக்கிற ஒரே மாவட்டம் இது. இந்த மாவட்டத்துக்கு அப்ப இருந்தவை ஐந்தே ஐந்து பிரதேச செயலகங்கள். அம்பகமுவ, நுவரெலியா இரண்டிலும் தலா இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். நாடு முழுக்க முன்னூறுக்கு மேற்பட்ட பிரதேச செயலகங்கள். சராசரி பார்த்தால் ஒன்றுக்கு அறுபதாயிரம் அளவுதான் வரும். ஒரு சான்றிதழுக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நிற்கிற மனுசருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்படும் வரை, சபை தன் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் தடையாக இருந்தது. வாக்குக் கேட்க மட்டும் தோட்டத்துக்குள் வரலாம், ரோட்டுப் போட வரேலாது. இந்த அநியாயங்களை எதை வைத்துக் காட்டினோம்? எண்ணிக்கையை வைத்து. இத்தனை பேர், இந்த இடத்தில், காணியில்லாமல், லயத்தில் இருக்கிறார்கள் என்று தனியாக எண்ணியதால்தான் காட்ட முடிந்தது. கட்டம் கரைந்தால் இந்தப் பின்னடைவு பொதுச் சராசரிக்குள் மறைந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தின் பெறுபேறும் நோர்வூட் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பெறுபேறும் ஒரே தொகைக்குள் போனால் யாருக்கு வசதி? செலவு செய்யாமல் தப்ப நினைக்கிறவர்களுக்கு.

"எல்லாரும் தமிழர்தானே" என்கிற வடக்குக் கிழக்கு நண்பர்களிடமும் ஒரு கேள்வி. 1949 இல் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறியதில் மலையகத்தவரின் பிரஜாவுரிமை ஒரு முக்கிய காரணம். அந்த வரலாற்றை மதிக்கிறோம். ஆனால் கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து குடியேறினவர்களை என்ன பெயரால் கூப்பிட்டீர்கள்? 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்'. கல்யாணப் பேச்சிலும் காணிப் பேச்சிலும் பிரித்துப் பார்க்கிறது, தொகை காட்டுகிற நேரத்தில் மட்டும் சேர்த்துக்கொள்கிறது. இது என்ன ஒற்றுமை? ஒரே கட்டத்துக்குள் வரச் சொல்ல முதல், ஒரே பந்தியில் இருக்கப் பழகுவோம்.

மலையகத்தவர் தங்களுக்கென்று ஒரு பெயரை ஏற்கெனவே தெரிவு செய்துவிட்டார்கள். அது 'மலையகத் தமிழர்'. எழுத்திலும் இயக்கங்களிலும் பல தசாப்தமாகப் புழங்குகிற பெயர். 2023 இல், மலையகத்துக்கு 200 வருசம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் இந்தப் பெயரோடுதான் நடந்தார்கள். 2024 கணக்கெடுப்பில் அரசு இந்தப் பெயரைச் சேர்த்தது உண்மை. எப்படிச் சேர்த்தது? 'இந்தியத் தமிழர்' என்பதோடு ஒரு சாய்கோடு போட்டு, பக்கத்தில். பழைய காயத்தை அழிக்காமல் பக்கத்தில் மருந்தின் பெயரை எழுதின மாதிரி. சாய்கோட்டுக்கு முன்னால் 'இந்திய' இருக்கிற வரைக்கும் அந்தக் கட்டத்தில் விரல் வைக்கச் சனம் தயங்கும். இரண்டே கால் இலட்சம் பேர் குறைந்ததில் அந்தத் தயக்கத்துக்கும் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறோம்.

ஆகவே நாங்கள் கேட்கிறது இவ்வளவுதான். சாய்கோட்டை எடுங்கள், 'மலையகத் தமிழர்' என்ற பெயர் தனியாக நிற்கட்டும். கணக்கெடுக்க வருகிறவர் ஆளின் முகத்தையும் முகவரியையும் பார்த்துத் தானே நிரப்பக் கூடாது, கேட்டு, சொன்னதை எழுத வேண்டும். 'இலங்கைத் தமிழர்' என்று சொல்ல விரும்புகிறவர் அப்படியே சொல்லட்டும், அதற்காக அவரை யாரும் விசாரிக்க வேண்டாம். அதோடு, தோட்டத்தில் வாழ்கிற சனத்தின் வீடு, காணி, படிப்பு, சுகாதாரம் பற்றிய விபரங்களை, இனக் கட்டம் என்னவாக இருந்தாலும், தோட்டம் தோட்டமாக வெளியிடுங்கள். அப்ப ஒரு பெயரை மாற்றிக்கொண்டதற்காக ஒருவரும் கணக்கிலிருந்து தொலைய மாட்டார்.

அடுத்த குடிசன மதிப்பீட்டுக்கு இன்னும் வருசங்கள் இருக்கின்றன. ஆனால் படிவம் அச்சாகிய பிறகு கத்தி ஒரு பிரயோசனமும் இல்லை. வாசிக்கிற நீங்கள் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சரி, இதை இப்பவே கதைக்கத் தொடங்குங்கள்.