எரிமலை வீதிக்குப் பூட்டு

2023 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் திகதி டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டப் போட்டியின் ஒன்பதாம் கட்டம், பிரான்சின் நடுவே உள்ள புயி டி டோம் என்னும் எரிமலையின் உச்சியில் நிறைவுற்றது. 1988 க்குப் பின்னர், அதாவது முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், போட்டி அம்மலைக்குத் திரும்பி வந்ததை ஊடகங்கள் திருவிழாவாகக் கொண்டாடின. கனடா நாட்டவரான மைக்கல் வூட்ஸ் தமது முப்பத்தாறாவது வயதில் அங்கு வென்றார். ஆனால் இறுதி நான்கு கிலோமீற்றர் தூரத்தில் வீதியோரம் ஒரு ரசிகனும் இல்லை. அனுமதிக்கப்படவில்லை. உலகின் மிகப் பெரிய இலவசக் காட்சி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் போட்டி, சனங்களே இல்லாத மலையில் முடிந்தது.

மறுநாள் மேடைகள் கழற்றப்பட்டன. வீதி முன்போலவே சைக்கிளோட்டிகளுக்கு மூடப்பட்டது. விசேட அனுமதியுடன் நடத்தப்படும் நிகழ்வுகள் தவிர, இன்றும் மூடியே கிடக்கிறது. இதனை அநியாயம் என்றே நான் சொல்வேன். ஒரு மலையின் புகழை விற்பதற்குச் சைக்கிள் வேண்டும், அதே மலையில் ஏறுவதற்கு மட்டும் சைக்கிள் ஆகாது என்பது எந்த ஊர் நியாயம்?

மலையை அறியாத வாசகர்களுக்காகச் சில விபரங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,465 மீற்றர் உயரம். மிஷ்லான் டயர் நிறுவனத்தின் தாயகமான கிளெர்மோன் ஃபெரான் நகரிலிருந்து பார்த்தால் மேற்கே கவிழ்த்து வைத்த கிண்ணம் போலத் தெரியும். எண்பதுக்கு மேற்பட்ட சிறு எரிமலைகள் வரிசையாக நிற்கும் அத்தொடர் 2018 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1648 இல் பஸ்கால் என்னும் அறிஞர் தமது மைத்துனரைப் பாதரசக் குழாயுடன் இம்மலைக்கு அனுப்பித்தான், உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறையும் என்பதை நிறுவினார். அந்தக் காற்றுக் குறைவைத் தமது நெஞ்சில் உணர்ந்தவர்கள் பின்னாளில் வந்த சைக்கிளோட்டிகள். கடைசி நான்கு கிலோமீற்றரும் மலையைச் சுருளாகச் சுற்றியபடி ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் ஏறுகின்றன. மற்ற மலைகளில் வளைவுக்கு வளைவு கொஞ்சம் மூச்சு விடலாம். இங்கே அந்தச் சலுகையும் கிடையாது.

1952 இல் இத்தாலியின் ஃபௌஸ்தோ கொப்பி இங்கு முதலில் வென்றார். ஆனால் பிரெஞ்சு மக்கள் மறவாதது 1964 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் திகதியைத்தான். மஞ்சள் சட்டையுடன் ஜாக் ஆங்கெத்தில், அவரிடமிருந்து அதனைப் பறிக்க வந்த ரேமோன் புலிடோர். இருவரும் தோளோடு தோள் உரச ஏறினார்கள். இருவருமே களைத்துப் போயிருந்தார்கள், இருவருமே அதனை மற்றவருக்குக் காட்டாமல் நடித்தார்கள். உச்சிக்கு ஒரு கிலோமீற்றர் அளவில்தான் ஆங்கெத்தில் பின்தங்கினார். மேலே சென்று கணக்குப் பார்த்தபோது அவரிடம் மிஞ்சியது 14 செக்கன்கள். அந்த ஆண்டுப் போட்டியை அவரே வென்றார், 55 செக்கன்களால். புலிடோரோ மஞ்சள் சட்டையை வாழ்நாளில் ஒரு நாளேனும் அணியாமலே 2019 இல் மறைந்தார். அந்நாளில் மலையில் இலட்சக்கணக்கானோர் கூடியிருந்தனர். அவர்கள் எல்லோரும் ஒழுக்கசீலர்கள் என்றும் சொல்ல மாட்டேன். 1975 இல் இதே மலையில்தான் எடி மெர்க்ஸ் ஒரு ரசிகனிடம் குத்து வாங்கினார். ஆயினும் சனம் இருந்தது. சனம் இருந்தபடியால்தான் கதை இருந்தது.

2023 இன் அந்தக் கட்டம் புலிடோர் வாழ்ந்த சிற்றூரான சன் லெயோனார் டி நொப்லாவிலிருந்து வேண்டுமென்றே தொடக்கப்பட்டது. அவரது நினைவைப் போற்றுகிறார்களாம். சைக்கிள்காரனை உள்ளே விடாத மலையில் ஒரு சைக்கிள்காரனுக்கு அஞ்சலி!

நிற்க. வீதி ஏன் மூடப்பட்டது? 2012 இல் அம்மாவட்ட நிர்வாக சபை, நடுத்தண்டவாளத்தின் பற்களைப் பற்றிக்கொண்டு ஏறும் மலைப் புகையிரதம் ஒன்றை அமைத்தது. ஊட்டி மலை ரயிலில் சென்றவர்களுக்கு அதன் நுட்பம் தெரிந்திருக்கும். தண்டவாளம் போடப்பட்டது பழைய வீதியின் மீதே. எஞ்சிய ஒடுங்கிய ஒழுங்கை, பராமரிப்புக்கும் அவசர வாகனங்களுக்கும் என ஒதுக்கப்பட்டது. கட்டண வீதியாக இருந்த காலத்திலும் சைக்கிள்காரருக்கு முழு உரிமை இருந்ததில்லை, குறித்த சில காலை வேளைகளில் மட்டுமே விட்டார்கள். புகையிரதம் வந்ததும் அந்தச் சில மணித்தியாலங்களும் போயின.

நான் புகையிரதத்துக்கு எதிரி அல்லன். முதியவர்களும் நடக்க இயலாதவர்களும் குழந்தைகளும் பதினைந்து நிமிடத்தில் உச்சியைக் காண்கிறார்கள், மோட்டார் வாகனங்களின் புகை ஒழிந்தது, இவை நல்லவையே. வரலாற்றைப் பார்த்தாலும் 1907 இல் இம்மலையில் முதலில் ஏறியது நீராவிப் புகையிரதந்தான், மோட்டார் வீதி 1920 களில் பின்னால் வந்தது. ஆகவே வீதி எங்கள் பாட்டன் சொத்து என்று வாதாட நான் வரவில்லை.

அவர்கள் கூறும் காரணங்கள் இரண்டு. ஒன்று பாதுகாப்பு. ஒடுங்கிய பாதை, கடும் சரிவு, அருகே புகையிரதம். புகையிரதம் ஓடும் நேரத்துக்கு இது சரியான வாதம், அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் புகையிரதம் எங்கே ஓடுகிறது? சரிவுதான் ஆபத்து என்றால், தெற்கே காந்தால் மாவட்டத்தில் பா டி பெய்ரோல் என்னும் கணவாய் 1,588 மீற்றரில் இருக்கிறது. நடு மலைத்தொடரிலேயே மிக உயர்ந்த வீதிக் கணவாய் அது. அதன் இறுதிப் பகுதியும் ஏறத்தாழ இதே செங்குத்து. அங்கே மோட்டார் கார்களும் சைக்கிள்களும் ஒரே வீதியில்தான் செல்கின்றன, யாரும் பூட்டுப் போடவில்லை. மற்றக் காரணம் மரபுரிமைப் பாதுகாப்பு. மண் அரிக்கிறதாம். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோரை உச்சியில் இறக்கி விடுபவர்கள், தார் வீதியை விட்டு இறங்காத சைக்கிள் டயரைப் பார்த்து மண்ணரிப்பு என்று அஞ்சுவது வேடிக்கை.

கால்நடையாகச் செல்வோருக்குக் கோவேறு கழுதைக்காரர் பாதை என்னும் பழைய வழி திறந்திருக்கிறது. நடப்பவனுக்கு வழி உண்டு, பயணச்சீட்டு வாங்குபவனுக்கு வழி உண்டு. இடையில் நிற்பவனுக்கு மட்டும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பாரிஸில் வாழும் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது கிளெர்மோனுக்கும் போய், வாடகைச் சைக்கிள் ஒன்றில் மலையடிவாரத்துக் கணவாயான செய்சாவரை ஏறினேன். ஐம்பதைத் தாண்டிய எனது முழங்கால்களுக்கு அதுவே போதும் என்றிருந்தது. 1990 களில் எரிபொருள் தடைசெய்யப்பட்ட யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்துக்கும் பின்னர் பத்திரிகை அலுவலகத்துக்கும் சைக்கிள் மிதித்தவன் நான். சைக்கிள் என்பது பார்ப்பதற்கான பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. செய்சாவில் என்னைவிட மூத்த பிரெஞ்சுக்காரர்கள் பலர் ஏறி வந்து, போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு, மேலே உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிச் சென்றார்கள்.

இவ்விடயத்தில் எனது தொழிலுக்கும் பங்குண்டு. டூர் டி பிரான்ஸ் 1903 இல் 'லோட்டோ' என்ற பத்திரிகை தனது விற்பனையைப் பெருக்கத் தொடக்கிய போட்டி. இன்றும் அதனை நடத்தும் நிறுவனம், அப்பத்திரிகையின் வாரிசான 'லெக்கிப்' நாளேட்டின் குழுமத்தையே சேர்ந்தது. அன்றைய ஆசிரியர் ஹென்றி தேகிராஞ்ச், கியர் மாற்றும் கருவி நாற்பத்தைந்து வயது கடந்தவர்களுக்கே ஏற்றது என்று ஏளனமாக எழுதியவர். 1937 வரை தமது போட்டியில் அதனை அனுமதிக்கவும் இல்லை. அவருக்கு வேண்டியது வீரர்கள் படும் வேதனை, அதுதான் பத்திரிகையை விற்றது.

அதே காலத்தில் சன் எத்தியென் நகரில் இன்னொரு பத்திரிகைக்காரர் இருந்தார். போல் டி விவி, வெலோசியோ என்பது புனைபெயர். 'லெ சிக்லிஸ்ட்' என்ற இதழை நடத்தியபடி, கியர்களை மலைகளில் தாமே மிதித்துப் பரிசோதித்து, சாதாரண மனிதன் எப்படி மலையேறலாம் என்று 1930 இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஏறிய கிராந் புவா கணவாயில் அவருக்கு நினைவுக்கல் உண்டு, அவ்வீதி இன்றும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. புயி டி டோமில் தேகிராஞ்ச் வென்றுவிட்டார், வெலோசியோ தோற்றுவிட்டார் என்றே நான் கொள்கிறேன். போட்டியை அங்கு கொண்டு சென்ற பத்திரிகைக் குழுமம், வீதியைத் திறந்துவிடுங்கள் என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். போட்டிக்காக ஏங்கிக் கிடந்த சபை மறுத்திருக்குமா?

இது நடவாத காரியமும் அல்ல. அல்ப்ஸ் மலையில் இசுவார், கலிபியே போன்ற பெருங் கணவாய்களை, கோடைகாலத்தில் சில காலை வேளைகளில் மோட்டார் வாகனங்களுக்கு மூடிச் சைக்கிள்களுக்கு மட்டும் ஒதுக்குகிறார்கள். 2,642 மீற்றர் உயரமான கலிபியேயில் முடிவது 1,465 மீற்றரில் முடியாதா? கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் சரிவு எவ்வளவு என்று சைக்கிள்காரனுக்கென்றே கல் நட்டு வைத்திருக்கும் நாடு அது.

மே முதல் செப்டெம்பர் வரை, வாரத்தில் இரண்டு நாட்கள், முதலாவது புகையிரதம் புறப்படுவதற்கு முன்னர் இரண்டு மணித்தியாலம். தலைக்கவசம் கட்டாயம், முன்பதிவு வேண்டுமானால் வைக்கட்டும். இறங்குவதுதான் அச்சம் என்றால், ஏறியவர்களை அந்த முதல் புகையிரதத்தில் சைக்கிளோடு ஏற்றிக் கீழே கொண்டுவரட்டும், பயணச்சீட்டுக் காசையும் வாங்கிக்கொள்ளட்டும்.