அகன்றது வாசல், சுருங்கியது வகுப்பு: பிற துறைப் பட்டதாரிகளுக்கு எம்.சி.ஏ. எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

புது தில்லி: வணிகவியல், இயற்பியல், பொருளாதாரம் என வேறு துறைகளில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் கணினித் துறைக்கு மாற விரும்பினால், நாட்டில் அவர்களுக்கு நீண்டகாலமாக இருந்துவரும் முதன்மையான வழி எம்.சி.ஏ. எனப்படும் கணினிப் பயன்பாட்டியல் முதுநிலைப் படிப்பு. 2020-ஆம் ஆண்டுக்குப் பின் இப்படிப்பில் இரண்டு பெரிய மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. படிப்புக்காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. அடுத்து, கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்த்தப்பட்டது.

தனித்தனியே பார்த்தால் இரண்டுமே மாணவர்களுக்குச் சாதகமானவை. ஓராண்டுக் கட்டணம் மிச்சம்; விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோரும் அதிகம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, யாருக்காக இந்தப் படிப்பு உருவாக்கப்பட்டதோ அவர்களுக்கே அது முன்பைவிடக் கடினமாகியிருப்பது தெரிகிறது.

முதலாம் ஆண்டின் பின்னணி

எம்.சி.ஏ.வின் தொடக்கம் 1980-களின் முற்பகுதியைச் சேர்ந்தது. கணினித் துறைக்கான மனிதவளம் குறித்து ஆராய மின்னணு ஆணையம் அமைத்த குழு இப்படிப்பைப் பரிந்துரைத்தது. அக்குழுவின் தலைவர், ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி.ராஜாராமன். 1965-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் நாட்டின் முதல் கணினி அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கியவர் அவர். அவருடைய இளநிலைப் பட்டம் இயற்பியலில் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

அப்போது கணினிப் பாடம் கற்பித்த பொறியியல் கல்லூரிகள் மிகக் குறைவு. அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளோ ஏராளம். அவர்களை மூன்று ஆண்டுகளில் மென்பொருள் பணிக்குத் தயார்செய்வதே நோக்கம். முதலாம் ஆண்டு அடிப்படைகளுக்கு ஒதுக்கப்பட்டது. நிரல் எழுதுதல், கணினி அமைப்பு, தனிநிலைக் கணிதம் ஆகியவற்றை முன்பின் அறியாத ஒருவர் நிதானமாகக் கற்றுக்கொள்ள அந்த ஓராண்டு இடமளித்தது.

பின்னர் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் ஆகிய இளநிலைப் படிப்புகள் நாடெங்கும் பரவின. அவற்றை முடித்து வந்தவர்களுக்கு எம்.சி.ஏ. முதலாம் ஆண்டு, ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிப்பதாக இருந்தது. எனவே அவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர அனுமதிக்கப்பட்டனர். 2020-21 கல்வியாண்டு முதல் படிப்பே இரண்டு ஆண்டுகளாக்கப்பட்டது. சுருங்கச் சொன்னால், பி.சி.ஏ. மாணவர்களுக்கான குறுக்குவழி அனைவருக்குமான பொதுவழியாயிற்று. நீக்கப்பட்டது, பிற துறையினருக்கான அந்த முதலாம் ஆண்டு.

தகுதி விதிகள் சொல்வது என்ன?

காலக் குறைப்பின்போது, பிளஸ் 2 அல்லது பட்டப்படிப்பில் கணிதம் படித்த பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. பட்டதாரிகள் தகுதியுடையோர் என அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) வரையறுத்திருந்தது. 2024-27 காலத்துக்கான அதன் அனுமதி நடைமுறைக் கையேடு இன்னும் ஒருபடி சென்றது. எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். கணிதம் படித்திருப்பது விரும்பத்தக்கது என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. குறைந்தபட்ச மதிப்பெண் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம். கணிதப் பின்னணி இல்லாதவர்களுக்கு 'பிரிட்ஜ் கோர்ஸ்' எனப்படும் இணைப்புப் பாடம் கட்டாயம். அதை வடிவமைக்கும் பொறுப்பு அந்தந்தப் பல்கலைக்கழகம் அல்லது நிறுவனத்துடையது.

பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகளும் இதே திசையில் செல்கின்றன. தேசிய அளவிலான அல்லது பல்கலைக்கழக அளவிலான நுழைவுத் தேர்வில் தேர்ச்சி பெற்றால், இளநிலையில் எந்தப் பாடம் படித்திருந்தாலும் வேறு துறையில் முதுநிலை படிக்கலாம் என்கின்றன அவை.

ஆக, முன்பு ஓராண்டு சுமந்த பாரம் முழுவதும் இப்போது இணைப்புப் பாடத்தின் தோளில் ஏறியுள்ளது. அதன் அளவோ இடத்துக்கு இடம் மாறுகிறது. இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் புதிய எம்.சி.ஏ.வில், கணினிப் பின்னணி இல்லாதவர்கள் கூடுதலாகப் படிக்க வேண்டியவை இரண்டு பாடங்கள்: சி மற்றும் பைத்தான் மொழிகளில் நிரலாக்கம், தரவுக் கட்டமைப்புகளும் படிமுறைகளும். பொருத்தமான தேர்வுதான். ஆனால் இவை முதன்மைப் பாடங்களுக்கு முன்பு முடிவதில்லை, அவற்றுடன் சேர்ந்தே வருகின்றன. மொழிபெயர்ப்பு படித்துவிட்டுச் செய்தித்துறைக்கு வந்த எனக்கு 'பிரிட்ஜ்' என்ற சொல்லை இவ்விடத்தில் 'பாலம்' என்று பெயர்க்கத் தயக்கம் உண்டு. பாலத்தைக் கட்டி முடித்த பிறகுதான் ஆட்களை அதன்மேல் அனுப்புவார்கள்.

பன்னிரண்டு மாதக் கணக்கு

நடைமுறையில் இது எப்படி அமையும்? ஒரு பி.காம். பட்டதாரி ஆகஸ்ட் மாதம் எம்.சி.ஏ.வில் சேர்கிறார் என்று கொள்வோம். முதல் பருவத்திலேயே தரவுத்தளம், இயக்கமுறைமை போன்ற பாடங்கள் தொடங்கிவிடும். அருகில் அமர்ந்திருப்பவர் மூன்றாண்டுகள் நிரல் எழுதிப் பழகிய பி.சி.ஏ. மாணவர். ஆசிரியர் யாருடைய வேகத்துக்கு நடத்துவது? பெரும்பான்மையினரின் வேகத்துக்கே நடத்த நேரிடும்.

இதைவிட முக்கியமானது வளாக வேலைவாய்ப்பு. இரண்டாண்டுப் படிப்பில் நிறுவனங்கள் பெரும்பாலும் மூன்றாம் பருவத்திலேயே வரத் தொடங்கிவிடுகின்றன. அதாவது, முதல் நிரலை எழுதிய சுமார் பன்னிரண்டு மாதங்களில் நிரலாக்கத் தேர்வை எதிர்கொள்ள வேண்டும். நிரலாக்கம் மனப்பாடம் செய்து பிடிக்கக்கூடிய பாடமன்று. ஒரு செயற்கூறு தன்னையே மீண்டும் அழைப்பது எப்படி என்பதை வகுப்பில் அரைமணி நேரத்தில் விளக்கிவிடலாம். அதைக்கொண்டு புதிய கணக்கு ஒன்றைத் தீர்க்கும் பழக்கம் வர மாதங்கள் ஆகும். பழைய முறையில் இதே மாணவருக்குக் கூடுதலாக ஓராண்டு கிடைத்திருக்கும்.

தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள் இதில் வேறு பாதையில் செல்கின்றன. திருச்சி என்.ஐ.டி. உள்ளிட்ட பலவற்றில் எம்.சி.ஏ. இன்னும் மூன்றாண்டுப் படிப்பாகவே தொடர்கிறது. ஆனால் அங்கு வாசல் குறுகியது. நிம்செட் நுழைவுத் தேர்வு எழுத, பொறியியல் அல்லாத பட்டதாரிகள் இளநிலையில் கணிதம் அல்லது புள்ளியியல் படித்திருப்பதோடு 60 சதவீத மதிப்பெண்ணும் பெற்றிருக்க வேண்டும். தேர்வின் 1,000 மதிப்பெண்களில் 600 கணிதத்துக்கு உரியவை. ஆக, கூடுதல் கால அவகாசம் கிடைப்பது ஏற்கெனவே கணிதத்தில் வலுவானவர்களுக்கு. அது அதிகம் தேவைப்படுபவர்களுக்கு இரண்டாண்டுதான்.

பிரிட்டனில் 'மாற்றுப் படிப்பு' என்ற பெயரிலேயே கணினி முதுநிலைப் படிப்புகள் உள்ளன. ஓராண்டே ஆயினும் அவை பிற துறையினருக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. கணினிப் பட்டதாரிகள் வேறு படிப்புக்கு அனுப்பப்படுவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் கணினிப் பின்னணி அற்றவர்களுக்கெனத் தனி முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. கால அளவைவிட, வகுப்பில் அனைவரும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதுதான் அங்குள்ள வேறுபாடு. (பிரிட்டன் செல்லத் திட்டமிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு, படிப்புக்குப் பிந்தைய பணி விசா இரண்டு ஆண்டுகளிலிருந்து 18 மாதங்களாகக் குறைகிறது.)

பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா?

இல்லை. வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் எம்.சி.ஏ. இன்றும் பொறியியல் பட்டத்துக்கு இணையாக வைக்கப்படுகிறது. பொதுத்துறை வங்கிகளின் தகவல் தொழில்நுட்ப அதிகாரி பணிக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வில், நான்காண்டுப் பொறியியல் பட்டத்துக்கு மாற்றாகக் கணினிப் பயன்பாட்டியல் முதுநிலைப் பட்டம் ஏற்கப்படுகிறது. பெரிய மென்பொருள் நிறுவனங்களின் புதியோர் தேர்விலும் பி.இ., பி.டெக். பட்டதாரிகளுடன் எம்.சி.ஏ. முடித்தவர்களும் அழைக்கப்படுகின்றனர். பி.காம். பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கதவுகளைத் தட்ட முடியாது.

சந்தை நிலவரம் மட்டும் முன்புபோல் இல்லை. டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூலையில் தனது பணியாளர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலையினர் என்றாலும், துறைக்குள் நுழைய நினைப்பவர்களையும் அச்செய்தி யோசிக்க வைத்தது. எளிய நிரல்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே எழுதித் தரும் நிலையில், நிரல் எழுதத் தெரிவது மட்டும் ஒருவரைத் தனித்துக் காட்டாது. ஜி.எஸ்.டி. கணக்கும் தணிக்கையும் அறிந்த வணிகவியல் பட்டதாரி நிதி மென்பொருளிலும், மொழியியல் படித்தவர் மத்திய அரசின் 'பாஷினி' போன்ற மொழித் தொழில்நுட்பத் திட்டங்களிலும் பயன்படக்கூடியவர்கள். இந்த அறிவை எம்.சி.ஏ. பாடத்திட்டங்கள் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை என்பதே இச்செய்தியாளரின் கருத்து. மாணவர் எங்கிருந்து வந்தார் என்பது சேர்க்கைப் படிவத்தோடு மறக்கப்பட்டுவிடுகிறது.

இந்நிலையில், சேர்வதற்கு முன் கல்லூரியிடம் கேட்டறிய வேண்டியவை சில உள்ளன. இணைப்புப் பாடம் எத்தனை மணி நேரம்? வகுப்புகள் தொடங்கும் முன் நடக்குமா, அல்லது மாலை வேளையில் ஒப்புக்கு நடக்குமா? அதற்கெனத் தனி ஆசிரியர் உண்டா? கடந்த ஆண்டுகளில் பிற துறைகளிலிருந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நிலுவையின்றித் தேர்ச்சி பெற்றனர், எத்தனை பேர் வேலை பெற்றனர்? வேலைவாய்ப்பு விகிதத்தைப் பி.சி.ஏ. மாணவர்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொன்னால், பிரித்துத் தருமாறு கேட்பதில் தவறில்லை. கணினியை இதுவரை தொடாத துறையிலிருந்து வருபவர்கள், சேர்க்கைக்கும் வகுப்புத் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட வாரங்களிலேயே பைத்தான் மொழியில் பயிற்சியைத் தொடங்கிவிடுவது நல்லது.